நித்திய பூசையும் காலை நடையும்

(தண்ணீர்மலை அடிவார மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய மருத்துவர் அம்மையார் இருதயத்தைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் மிக அழகாக விளக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அடுத்தபடியாக ஒரு கணக்காய்வாளரை எதற்காக மேடையேற்றியிருக்கிறார்கள் என்று நீங்கள் யோசிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நானும் செயலாளரிடம் அதையேதான் கேட்டேன். "வேலை வேலை என்று அலைகிற மனிதன் உடற்பயிற்சியை விடாமல் செய்வது எப்படி என்று யாராவது பேச வேண்டும். மருத்துவர் சொன்னால் அது அவர் தொழில் என்று நம்மவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சொன்னால், இவராலேயே முடிகிறதே என்று நினைப்பார்கள்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

நான் விளையாட்டு வீரன் அல்லன். பள்ளிக்கூட நாளில் ஓட்டப் பந்தயத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு, கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுத்த சவர்க்காரப் பெட்டி. ஆயினும் இந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. உடற்பயிற்சியை நான் எட்டு முறை தொடங்கி எட்டு முறையும் விட்டவன். ஒன்பதாவது முறை தொடங்கியதுதான் இன்று வரை நிற்கிறது. அந்த எட்டு முறை ஏன் விழுந்தேன், ஒன்பதாவது முறை ஏன் விழவில்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சில வார்த்தைகள்.

அவர் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது. ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த அவசரம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மரம். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து நிமிர்ந்து உளியை ஓட்ட வேண்டும். கடைசி மரம் முடிந்ததும் மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டா வாளியில் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமாக ஸ்டோருக்கு நடக்க வேண்டும். ஆயிரம் முறை குனிந்து நிமிர்ந்தவருக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்பட்டதில்லை. மூன்று வேளையும் மலை போலச் சோறு சாப்பிடுவார். தேநீரில் கட்டிப்பாலை ஊற்றி ஊற்றிக் குடிப்பார். உடம்பு கம்பி போல இருந்தது.

பிறகு தோட்டம் துண்டாடப்பட்டது. நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர் வேலை கிடைத்தது. நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இத்தனை வருஷம் உழைத்த மனிதர் இனியாவது உட்கார்ந்து சம்பளம் வாங்கட்டுமே என்று நினைத்தோம். சோறு அதே அளவு, கட்டிப்பால் அதே அளவு. நடை மட்டும் நின்றுவிட்டது. ஆறு வருஷத்தில் நீரிழிவு. கால் விரலில் செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண். வலி தெரியாததால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. விரலை எடுத்தார்கள்; பிறகு பாதத்தை எடுத்தார்கள்; பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 500 மரத்தைச் சுற்றி வந்த கால் அது. 2001ஆம் ஆண்டு அவர் காலமானார்.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 1953ஆம் ஆண்டிலேயே ஜெரமி மோரிஸ் என்ற ஆய்வாளர் இலண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். இருதய நோய் நடத்துநருக்குக் குறைவு, ஓட்டுநருக்கு அதிகம். என் தந்தையார் தம் ஒரே ஆயுளில் முதலில் நடத்துநராகவும் பின்னர் ஓட்டுநராகவும் இருந்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம் சமூகத்தில் பாதிப் பேர் ஒரு தலைமுறைக்குள் அந்த இடமாற்றத்தைச் செய்துவிட்டோம். பெரட்டுக் களத்திலிருந்து அலுவலக நாற்காலிக்கு வந்தோம். அது முன்னேற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான கட்டணத்தை யாரும் நமக்குச் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. இந்த மண்டபத்தில் வரிசைக்குப் பத்து நாற்காலி போட்டிருக்கிறார்கள். உங்கள் வரிசையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முறை 2009இல் வந்தது. எனக்கு வயது 43. காப்புறுதிக்காக இரத்தப் பரிசோதனை செய்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 11.4 இருந்தது. எச்.பி.ஏ.1சி என்கிற மூன்று மாதச் சராசரி 9.2. அந்த இளம் மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது...?" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வந்த வேகம் இருக்கிறதே, அதை வைத்து ஒரு மலையையே தூக்கியிருக்கலாம். அடுத்த வாரமே வீட்டுக்கு ஓட்டப்பொறி வந்து இறங்கியது. ஒரு மாதம் ஓடினேன். அப்புறம் மழைக்காலத்தில் என் மனைவி அதில் துணி காயப்போட்டார். இன்று வரை அந்த வீட்டில் அதைவிட நல்ல கொடி நாங்கள் கண்டதில்லை. அடுத்து, உடற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டுச் சந்தாவாக 1,440 வெள்ளி கட்டினேன். போனது 11 நாள். கணக்குப் பார்ப்பவன் அல்லவா, கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 131 வெள்ளி விழுந்தது. அந்தப் பணத்துக்கு ஆள் வைத்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியிருக்கலாம். பிறகு பூப்பந்து, மிதிவண்டி, விடியற்காலை யோகாசன வகுப்பு. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வேலை நெருக்கடியில் நின்றது. எங்கள் தொழிலில் ஏப்ரல் 30ஆம் தேதி ஒரு கெடு, ஜூன் 30ஆம் தேதி இன்னொரு கெடு. வருமான வரிப் படிவங்கள் அந்தத் தேதிகளில் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரியில் தொடங்கிய எதுவும் ஏப்ரலைத் தாண்டியதில்லை.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். 48 நாள் விரதம். நாலரை மணிக்கு எழுந்தேன், பச்சைத் தண்ணீரில் குளித்தேன், ஒரு வேளை சைவ உணவு, வெறுந்தரையில் படுக்கை, தினமும் மாலையில் கோயில் நடை. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அலுவலக வேலை அப்போதும் அதே வேலைதான், முதலாளி அதே முதலாளிதான். அந்த மூன்று தைப்பூசத்திலும் கூட்டத்தோடு கூட்டமாக மலையேறிப் பால்குடத்தைச் செலுத்தினேன். 49ஆம் நாள் காலையில் ரொட்டி சானாய் மூன்று, மீன் குழம்பு தனியாக. 50ஆம் நாள் எட்டு மணி வரைக்கும் தூக்கம்.

ஆகவே எனக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல முடியாது. இங்கே காவடி எடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் மனவுறுதி இல்லை என்று எந்த மருத்துவராவது சொன்னால் நம்பாதீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அது எந்த இடம் என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு குருக்கள்.

2013இல் அப்பாவின் திதியன்று அருச்சனைக்கு வந்திருந்தேன். வேலை நாள், நண்பகல் வேளை. சன்னிதியில் என்னைத் தவிர யாருமில்லை. தட்டைக் கொடுத்துவிட்டுக் குருக்கள் என்னைப் பார்த்து, "தைப்பூசத்தில் பார்த்தேன், அப்புறம் காணோமே?" என்றார். வேலை என்றேன். உடம்பைப் பற்றியும் ஏதோ புலம்பினேன். ஒவ்வொரு தடவையும் தொடங்கி விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார். அதை என் நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன்.

"கோயிலில் நித்தியம், நைமித்திகம் என்று இரண்டு உண்டு. நைமித்திகம் என்றால் திருவிழா. அதற்கு ஆள் வரும், பணம் வரும், மேளம் வரும், நமக்கும் எங்கிருந்தோ ஒரு பலம் வரும். ஆனால் கோயில் நிற்பது நித்தியத்தில். மழை பெய்தாலும் பூசை உண்டு. ஒருவரும் வராவிட்டாலும் உண்டு. எனக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் செய்வார். பதினாறு வகை உபசாரமும் செய்ய முடியாத நாளில் தண்ணீர், பூ, ஒரு விளக்கு. அது போதும், ஆனால் அது உண்டு. நீங்கள் உங்கள் உடம்புக்குத் திருவிழா மட்டும்தான் நடத்துகிறீர்கள்."

நான் கேட்டேன்: "சரி சாமி, நித்திய பூசையே ஒரு நாள் தவறிப்போனால்?"

"அதற்குப் பிராயச்சித்தம் ஆகமத்திலேயே சொல்லியிருக்கிறது. ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, ஒரு நாள் தவறினால் என்ன செய்வது என்று தனித்தனியாக. தவறும் என்று தெரிந்துதானே எழுதி வைத்தார்கள்? தவறிவிட்டதே, இனிமேல் நடை சாத்திவிட்டுப் போய்விடு என்று எங்கும் எழுதவில்லை."

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் எட்டு முறையும் நிறுத்தியது வேலையால் அன்று. ஒரு நாள் தவறியதும் நானாகவே நடை சாத்தியதால். வேலை வந்து ஒரு நாளைத்தான் எடுத்தது. மிச்சத்தை எடுத்துக் கொடுத்தது நான்.

அன்றிரவு ஒரு காரியம் செய்தேன். எங்கள் தொழிலில் வாடிக்கையாளருக்குக் கட்டணம் போட, ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிடமாக எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதி வைப்போம். அதே தாளில் ஒரு வாரத்துக்கு என் சொந்த நேரத்தை எழுதினேன். நேரமே இல்லாத மனிதன் அல்லவா நான்? வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்குமாக 13 மணி நேரம். கோப்பிக் கடையில், குடித்து முடித்த குவளைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நாலரை மணி நேரம். வேறு எந்த நிறுவனத்தின் ஏட்டிலாவது இப்படி ஓர் ஓட்டை இருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். நேரம் இல்லை என்று சொல்கிற நண்பர்களுக்கு நான் வேறு எதுவும் சொல்வதில்லை. அந்தத் தாளை மட்டும் கொடுப்பேன். சில பேருக்கு உண்மையாகவே நேரம் இல்லை என்பதையும் அந்தத் தாள் காட்டியிருக்கிறது. இரண்டு வேலை பார்க்கிறவர்கள், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைக் கவனிக்கிறவர்கள். அவர்களுக்கு நான் உபதேசம் செய்வதில்லை.

பிறகு என் நித்திய பூசையை வகுத்தேன். ஒற்றை விளக்கு எது என்று முதலில் முடிவு செய்தேன். பத்து நிமிட நடை. எங்கே இருந்தாலும், எந்த உடுப்பில் இருந்தாலும் பத்து நிமிடம். அதற்குக் குறைந்தால் அன்று பூசை நடக்கவில்லை. அதற்குமேல் எல்லாம் அலங்காரம். நேரம் இருக்கிற நாளில் மலைக்கோயிலின் 513 படி, அல்லது பக்கத்திலுள்ள தாவரப் பூங்காவில் அரை மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. கருவி எதுவும் வாங்கவில்லை. துணி காயப்போட ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தைத் தனியாக வைக்காமல், முன்பே விடாமல் செய்துகொண்டிருந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டேன். காலையில் சாமியறையில் விளக்கேற்றிக் கும்பிடுவது என் தாயார் பழக்கிய பழக்கம்; அது என்றைக்கும் விட்டதில்லை. கும்பிட்ட கையோடு காலணி. நடுவில் கைப்பேசியைத் தொடுவதில்லை. இன்றைக்கு நடக்கலாமா வேண்டாமா என்று மனத்தோடு பேச்சுவார்த்தை நடத்த இடமே கொடுப்பதில்லை. பேச்சுவார்த்தை என்று ஆரம்பித்தால் மனம் நம்மைவிடப் பெரிய வழக்கறிஞர்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்த ஞானம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிற்பாடு படித்துப் பார்த்தால் ஆராய்ச்சிக்காரர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 96 பேர் ஆளுக்கொரு சிறிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினசரி நடக்கிற ஏதாவது ஒன்றோடு அதை இணைத்து 12 வாரம் செய்தார்கள். அது யோசிக்காமல் தானாக நடக்கிற பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நம்முடைய 48 நாள் மண்டலம் பலருக்கு ஏன் போதவில்லை என்பது இப்போது தெரிகிறதா? இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறியது அந்தப் பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. குருக்கள் ஐயாவின் பிராயச்சித்தம்!

பத்து நிமிடத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கொஞ்சமும் இல்லாததைவிடக் கொஞ்சம் மேல் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அதேபோல, தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோமே, அது எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்கள் 16,000 பேருக்கு மேல் பங்குபெற்ற ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே மரண அபாயம், மிகக் குறைவாக நடந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 10,000 முடியவில்லையே என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர்!

2014 ஏப்ரல் 28. இரவு பத்து மணி. நாலு மாடி அலுவலகத்தில் இன்னும் ஒன்பது கோப்பு பாக்கி. காலையில் மழையில் நடை தவறியிருந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில் கீழே காவலர் எழுந்து வந்து, "அண்ணே, லிப்ட் வேலை செய்யுதே?" என்றார். விளக்கம் சொல்ல மூச்சு இல்லை. பத்து நிமிடம் முடிந்தது. மேலே போய்க் கோப்பைத் திறந்தேன். அந்த ஏப்ரல்தான் நான் தாண்டிய முதல் ஏப்ரல்.

மலைப்படியில் எனக்கு ஒரு துணை கிடைத்தார். சீனப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். இந்தக் கோயிலுக்குச் சீன அன்பர்கள் வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் ஐம்பது படி ஏறுவார், நிற்பார், கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார், மறுபடி ஐம்பது படி. முதல் மாதத்தில் ஒரு நாள் நான் பாதியில் உட்கார்ந்து, இன்றைக்கு இவ்வளவுதான் என்று திரும்பப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது. அவர் என்னைக் கடந்து போகையில் மலாயில் சொன்னார்: "ஹாரி இனி சிக்கிட், தாப்பா. எசோக் டாத்தாங் லாகி." இன்றைக்குக் கொஞ்சம், பரவாயில்லை, நாளைக்கு மறுபடி வா. அதற்குப்பின் ஆறு வருஷம் பார்த்த நாளெல்லாம் இருவரும் தலையாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில் மூடப்பட்டது, பூங்கா மூடப்பட்டது, வெளியே நடக்க அனுமதியில்லை. ஏழு வருஷம் எரிந்த விளக்கு அந்த மார்ச்சில் அணைந்தது. கூடத்திலிருந்து சமையற்கட்டுக்குப் பத்து நிமிடம் நடந்திருக்கலாம், நடக்கவில்லை. எல்லாம் திறந்த பிறகு போவோம் என்று திருவிழா மனம் மறுபடி வந்துவிட்டது. மே மாதம் வெளியே ஓடலாம் நடக்கலாம் என்று அனுமதித்தபோது ஆறு கிலோ ஏறியிருந்தேன். அப்போதும் போகவில்லை. ஏழு வருஷம் ஏறியவன் நூறு படியில் மூச்சு வாங்கி நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கௌரவம். ஆகஸ்டில் என் எச்.பி.ஏ.1சி 8.6. அன்றிரவு குளியலறையில் என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் விளக்கேற்றிவிட்டுக் காலணியை மாட்டினேன். வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம். இரண்டு வாரம் அதுவேதான். ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. விட்டுப்போன ஐந்து மாதத்தையும் ஒரே நாளில் ஈடுகட்ட ஓடுகிறவர்தான் மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நானே இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபரில் மலைக்குப் போனேன். சீனப் பெரியவரைக் காணவில்லை. அதற்குப் பிறகும் காணவில்லை. பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. நான் அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்ததில்லை.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும், மருத்துவர் அம்மையார் எதிரிலேயே இருப்பதால் பயமில்லாமல் சொல்கிறேன். நீரிழிவுக்காரர்கள் காலைப் பார்க்க வேண்டும், தினம் பார்க்க வேண்டும். அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி மரத்த காலுக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. தைப்பூசத்தில் வெறுங்காலோடு நடக்கிற நீரிழிவு அன்பர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றலாமா என்று குருக்களையும் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சட்டைப் பையில் இனிப்பு வைத்துக்கொள்ளாமல் நடக்கப் போகாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கும். நெஞ்சில் இறுக்கம் வந்தால் நாளைக்கு வா என்று பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். படியில் ஏறுவது மூச்சுக்கு வேலை, இறங்குவது முழங்காலுக்கு வேலை; இறங்கும்போதுதான் நிதானம் தேவை. நான் இன்னும் காலையும் மாலையும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நடந்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இன்னும் ஒன்று. இதை ஆண்களுக்காகச் சொல்கிறேன். நான் 2013இல் காலை நடைக்குக் கிளம்பியபோது பெருமையாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் என் மனைவி அமைதியாகக் கேட்டார்: "நீங்க நடக்கப் போற நேரத்துல பசியாற யாரு செய்றா, பிள்ளைங்கள யாரு எழுப்புறா, தெரியுமா? எனக்கும் சர்க்கரை இருக்குங்க." என்னுடைய ஏட்டில் அந்த நேரம் பதிவாகவே இல்லை. நான் சேமித்த அரை மணி நேரம் அவர் கணக்கிலிருந்து எடுத்தது. அதற்குப்பின் செவ்வாய், வியாழன், சனி காலையில் பசியாறுதலுக்கு நான் பொறுப்பு. அவர் நடக்கப் போவார். என் தோசையின் வடிவத்தைப் பற்றி வீட்டில் பல கருத்துகள் உண்டு. அவருடைய சர்க்கரை என்னுடையதைவிட இப்போது நன்றாக இருக்கிறது.

என் கடைசிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், தணிக்கைக்காரன் மறைக்கக் கூடாது. எச்.பி.ஏ.1சி 6.9. எடை இன்னும் நான்கு கிலோ அதிகம். போன மாதம் மூன்று நாள் தவறியது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் உறவினர் வீட்டு இறப்பு, ஒரு நாள் வெறும் சோம்பல். இரண்டு காலும் இருக்கின்றன.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்று காலை இந்த உரையைத் திருத்திக்கொண்டிருந்ததில் என் பத்து நிமிடம் போய்விட்டது. அன்னதானம் முடிந்ததும் மண்டபத்துக்கு வெளியே மரநிழலில் நிற்பேன். பூங்கா வாசல் வரைக்கும் போய்த் திரும்புவதாக உத்தேசம். மேலே ஏறப் போவதில்லை, வயிற்றில் சாம்பாரும் பாயசமும் இருக்கும். வருகிறவர்கள் வரலாம், குரங்குகள் இருப்பதால் கையில் வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.